பஸ் வர எத்தனை தலை வேண்டும்?

கேள்வி: குறிஞ்சிப்பாடிக்கு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பஸ் ஏற கூட்டுரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடக்கணும். பஸ் கேட்டுப் போனால் "உங்க ஊர்ல ஜனத்தொகை பத்தாது" என்கிறார்கள். எத்தனை பேர் இருந்தால் விடுவார்கள்?

பதில்: அப்படி ஒரு எண்ணே கிடையாது. இத்தனை பேர் இருந்தால்தான் வழித்தடம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஜனத்தொகை பார்ப்பது ரோடு போடுவதற்கு. 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளி என்றால் சாலை இல்லாத 500 பேர் குடியிருப்பு, மலைப்பகுதி என்றால் 250 என்று வைத்திருந்தார்கள். அதை யாரோ பஸ்ஸுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தத் தலைக்கணக்கிலேயே வில்லங்கம் உண்டு. சென்சஸ் புத்தகத்தில் இருப்பது வருவாய் கிராமத்தின் கணக்கு, அதற்குள் நாலைந்து குக்கிராமங்கள் அடங்கியிருக்கலாம். அதுவும் 2011-ல் எடுத்தது. அதற்குப் பிறகு பிறந்து, இப்போது பையை மாட்டிக்கொண்டு ஹைஸ்கூலுக்கு நடக்கிற பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. அடுத்த கணக்கு 2027 மார்ச் 1 தேதிப்படிதான்.

பஸ் விடுகிறவர்கள் பார்ப்பது வேறு. கலெக்‌ஷன் தேறுமா, வண்டி திரும்புமா? திரும்புவதில்தான் நிறைய ஊர்களில் சிக்கல். கோயில் முனையில் கண்டக்டர் இறங்கி விசிலடித்து ரிவர்ஸ் எடுக்க வைக்கும்போது ஒரு பக்கம் வைக்கோல் போர், இன்னொரு பக்கம் காய வைத்த மல்லாட்டை, மேலே கண்ணாடியை உரசுகிற புளியங்கிளை என்றால், அந்த டிரைவர் மறுநாள் கூட்டுரோட்டோடு திரும்பத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முதலில் அந்த இடத்தை ஊர்க்காரர்களே ஒழித்துக் கொடுங்கள்.

அப்புறம் மனு. காலையில் எந்தப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள், வேலைக்கு எத்தனை பேர், சந்தை என்ன கிழமை, வண்டி எங்கே திரும்பும், இதையெல்லாம் எழுதி கிராம சபையில் தீர்மானமாகப் போட்டுக் கொடுங்கள். வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது, மே 1-ம் ஆகஸ்ட் 15-ம் மட்டும் இல்லை.

பெரிய பஸ் சரிப்படாவிட்டால் மினி பஸ். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ்ஸே போகாத பாதையாக இருக்கணும். இங்கேதான் பல ஊர்கள் கோட்டை விடுகின்றன. 20 கிலோமீட்டர் வழித்தடம் என்றால் 13 கிலோமீட்டர் பஸ் காணாத பாதை வேண்டும், உங்கள் மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய? உங்களைப் போலவே நடக்கிற பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஒரு சுற்றாக வரைந்து கலெக்டரிடம் கொடுங்கள். அந்த வழியில் ஓட்ட ஒரு பஸ் முதலாளியும் விண்ணப்பம் போடணும், அதனால் அவரையும் இப்போதே தேடி வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் கடலூர் மாவட்டம், ஆனால் பாகூர்தான் கிட்ட. மினி பஸ்ஸைப் பாகூர் வரை கேட்கலாமா?

பதில்: பாகூர் புதுச்சேரி ஆயிற்றே. ஒரு மாநில பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்லணும் என்றால் பொதுவாக அங்கேயும் மேலொப்பம், அதாவது அந்தப் பக்கத்து அதிகாரிகளின் ஒப்புதல் கையெழுத்து, வாங்கணும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-வது பிரிவு. ரெண்டு கிலோமீட்டர்தானே என்றாலும் அதே கதைதான். உங்கள் பக்கம் எல்லை உள்ளே வெளியே என்று மாறி மாறி வரும், கேட்கிற பாதை நடுவில் புதுச்சேரிக்குள் நுழைகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு பஸ் இலவசம்தானே, மினி பஸ்ஸில் ஏன் டிக்கெட் கேட்கிறார்கள்?

பதில்: 2021 மே மாதம் வந்த இலவசம் அரசு டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டிகளுக்கு. மினி பஸ் தனியார் வண்டி, காசு கொடுத்துத்தான் ஆகணும். கூலி வேலைக்குப் போகிற பெண்களுக்கு தினம் போக வர அது சின்னக் காசில்லை, அதனால்தான் மனுவில் முதலில் அரசு பஸ்ஸைக் கேளுங்கள், மினி பஸ்ஸை இரண்டாவதாக எழுதுங்கள்.