அவரைப் பந்தலில் நிற்கும் மஞ்சள் வரிப் பூச்சி கொட்டுமா? மருந்து அடிக்கலாமா?

ஏற்காட்டில் வீட்டுத் தோட்டத்து அவரைப் பந்தலைச் சுற்றி, மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட பூச்சிகள் அந்தரத்தில் நிற்கின்றன, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், குளவி மருந்து அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்ப்ரேயரைக் கலக்கி வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஒரே இடத்தில் அசையாமல் நின்று, சடாரென ஓரடி தள்ளிப் போய் மறுபடி நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் சிர்ஃபிட் ஈ, பார்ப்பதற்குக் குளவி மாதிரி இருக்கும் ஒரு வகை ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது. கையில் வந்து உட்கார்ந்தால் வியர்வையை நக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

படம்கூடப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறாய் என்று யாராவது வருவார்கள். அதனால் நீங்களே பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பறக்கும்போது வேண்டாம், பூவில் உட்காரும்போது பாருங்கள். குளவிக்கு நான்கு இறகு, ஈக்கு இரண்டுதான். பின்னிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி வெளிறிய குமிழ் ஒன்று இருக்கும். குளவியின் உணர்கொம்பு நீளமாக வெளியே தெரியும். இதற்கு முகத்தோடு ஒட்டிய குட்டைக் கொம்பு. தலையில் பெரும்பகுதி கண்தான். ஆண் ஈயாக இருந்தால் இரண்டு கண்ணும் உச்சியில் தொட்டுக்கொள்ளும். காகிதக் குளவி உட்கார்ந்ததும் இறகை நீளவாக்கில் மடித்து ஒல்லியாக்கிக்கொள்ளும், ஈ அப்படி மடிக்காது. போட்டோ எடுப்பவர்கள் முதுகை மட்டும் எடுத்துப் போட்டு ‘இது என்ன’ என்று கேட்பதுதான் பெரிய தொல்லை. முகத்தை ஒரு படம் எடுத்தால் பாதிச் சண்டை வராது.

அவரையில் வருவது அநேகமாக எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்ற சிர்ஃபிட் ஈ. ஒரு சென்டிமீட்டர் நீளம், ஆரஞ்சு கலந்த மஞ்சள் வயிறு, நடு வளையங்களில் தடித்த கறுப்புப் பட்டை ஒன்றும் அதோடு மெல்லிய பட்டை ஒன்றும். சேலம் பக்கம் கீழே இறங்கினால் இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ் என்ற சொந்தக்காரரும் உண்டு. கொட்டும் பூச்சியின் சட்டையைக் கொட்டாத பூச்சி போட்டுக்கொள்ளும் இந்த வேஷத்தை 1862-ல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் அமேசான் பட்டாம்பூச்சிகளை வைத்து விளக்கினார். ஈக்கள் அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டன. வட அமெரிக்காவில் ஸ்பைலோமையா லாஞ்சிகார்னிஸ் என்ற ஈ தன் கறுத்த முன்னங்கால்களைத் தலைக்கு முன்னால் ஆட்டி, நீண்ட உணர்கொம்பு இருப்பதுபோல் காட்டும். ஐரோப்பாவின் வொலுசெல்லா ஸொனாரியா கிட்டத்தட்ட கதண்டு (பெருங்குளவி) அளவுக்கு இருக்கும்; அதன் புழுக்கள் குளவிக் கூட்டுக்குள்ளேயே கழிவைத் தின்று வளரும். நம் நாட்டிலும் உள்ள சேரியானா வகையில் உணர்கொம்பே ஒரு காம்பின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றுக்கு இடுப்பும் மண்குளவிபோல ஒடுங்கியிருக்கும். அங்கே கொம்பை நம்பாதீர்கள், குமிழைத் தேடுங்கள்.

இனி பந்தலுக்கு வருவோம். ஈ சும்மா வரவில்லை, செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினிக்காக வந்திருக்கிறது. கொழுந்தையும் பூங்கொத்தையும் திருப்பிப் பாருங்கள், கறுப்பாக அப்பியிருக்கும். அதன் நடுவே ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் அரிசி நிற முட்டை ஒற்றை ஒற்றையாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்து, காலும் கண்ணும் இல்லாத, முன்பக்கம் கூம்பிய பச்சைப் புழு வரும். தலையை அப்படியும் இப்படியும் வீசித் துழாவி, அசுவினியைக் கவ்வித் தூக்கி, உறிஞ்சிவிட்டுத் தோலைப் போடும். ஒரு புழு வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். இதைக் காய்ப்புழு என்று நினைத்து நசுக்குகிறவர்கள்தான் அதிகம். காய்ப்புழுவுக்குக் கால் உண்டு, பழுப்புத் தலை உண்டு. இதற்கு இரண்டும் இல்லை.

டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்தை அடித்தால் அசுவினியும் சாகும், புழுவும் சாகும். பத்து நாளில் அசுவினி திரும்பி வரும், ஈ அவ்வளவு சீக்கிரம் வராது. இமிடாகுளோப்ரிட் என்ற மருந்து செடிக்குள் ஏறி மகரந்தம் வரைக்கும் போய்விடும். நான் மருந்தே கூடாது என்று வசனம் பேச வரவில்லை. தாங்க முடியாத அளவு அப்பியிருந்தால், புழு இல்லாத நுனிகளை மட்டும் கிள்ளி எறியுங்கள். மிச்சத்துக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்கும் மேல் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு, அப்பிய இடத்தில் மட்டும். பந்தல் முழுக்க அடித்தால் புழுவுக்கும் சேதம்தான். காம்பில் எறும்பு ஏறினால் முதலில் அதைத் தடுங்கள். அசுவினியின் தேன்கழிவுக்காக எறும்பு காவல் நின்று புழுக்களை விரட்டும்.

இலையில் சொட்டு வடிவக் கூட்டுப்புழு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். தடித்த முனை மூடிபோலத் திறந்திருந்தால் ஈ வெளியேறிவிட்டது. சிறிய வட்ட ஓட்டை இருந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்து போயிருக்கிறது. குளவி வேஷம் போட்டும் நிஜக் குளவியிடம் தப்பவில்லை.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘இயற்கை முறை’ என்று சொல்லி பூச்சி பிடிக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டையைக் கண்ட இடத்திலெல்லாம் தொங்கவிடுகிறார்கள். பூவென்று நினைத்து சிர்ஃபிட் ஈயும் அதில் வந்து ஒட்டும். பூக்கும் பந்தலில் அட்டை மாட்டாதீர்கள். களை என்று எல்லாவற்றையும் செதுக்கி கொரியன் புல் போடுவதும் இதே கதைதான். பெண் ஈக்கு முட்டை முதிர மகரந்தம் வேண்டும், புல்தரையில் அது எங்கே கிடைக்கும்? வாய் குட்டை என்பதால் திறந்த சின்னப் பூக்கள்தான் அதற்கு எட்டும். பந்தலோரம் கொத்தமல்லியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி விதைத்துப் பறிக்காமல் பூக்க விடுங்கள், சோம்பும் ஆகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பூச்சி அந்தரத்தில் நிற்காமல், ஒரே பாதையில் ஒரு மரத்துக்கோ பொந்துக்கோ போய்வந்துகொண்டே இருந்தால் அது கதண்டுக் கூடாக இருக்கலாம். கல் எறிய வேண்டாம், தீ வைக்க வேண்டாம். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.