அம்மா பொருத்தனை பண்ணிட்டாங்க, நான் என்ன செய்ய? – பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு அக்கா பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க எழுதினதுதான். எல்லாருக்கும் பதில் எழுத பக்கம் பத்தாது, அதனால நாலு பேருக்கு மட்டும் எழுதுறேன். பேரு யாரோடதும் போடல, பயப்படாதீங்க.

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். எனக்கு 600க்கு 418 மார்க். 500 தாண்டுவேன்னு வீட்ல எல்லாரும் நம்பினாங்க. நியூ இயர் ஆராதனையில எனக்குக் கிடைச்ச வாக்குத்தத்த அட்டையில "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்"னு இருந்துச்சு, அத டேபிள் மேலேயே ஒட்டி வச்சு தினமும் ஜெபம் பண்ணேன். வர்ற ஞாயிறு சர்ச்ல நல்ல மார்க் எடுத்தவங்களுக்கு பரிசு குடுக்குறாங்க. எனக்கு அங்க போகவே வெட்கமா இருக்கு. – ஒரு தங்கச்சி, நாசரேத் பக்கம்

அந்த அட்டைய பத்திதான் முதல்ல பேசணும்மா. அது பைபிள்ல உபாகமம் 28ஆம் அத்தியாயம். யோர்தானத் தாண்டுறதுக்கு முன்னாடி மோவாப் தேசத்துல வச்சு மோசே ஒரு ஜனக்கூட்டம் முழுசுக்கும் சேர்த்துச் சொன்னது, அதுலயும் கர்த்தரோட கட்டளைகளுக்குக் கீழ்ப்படிஞ்சாங்கற கண்டிஷன் அங்கேயே இருக்கு, அட்டை அடிக்கிறவங்க அத கட் பண்ணிடுறாங்க. அந்த அத்தியாயத்துல மொத 14 வசனம்தான் ஆசீர்வாதம், 15ல இருந்து 68 வரைக்கும் சாபம், 44ஆம் வசனத்துல அந்நியன் தலையா இருப்பான் நீ வாலா இருப்பேன்னே வருது. அத யாராவது அட்டையில போட்டு நீ பாத்திருக்கியா? உங்க சபையில 40 பிள்ளைங்களுக்கு அதே அட்டை கிடைச்சிருந்தா 40 பேரும் தலைன்னா வாலுக்கு எங்க போறது சொல்லு. மார்க் ஷீட்டுக்கும் அந்த வசனத்துக்கும் சம்பந்தமே இல்ல, அதனால கர்த்தர் வாக்கு மாறிட்டாருன்னு நீ அழ வேண்டியதும் இல்ல.

இன்னொரு அட்டையும் கண்டிப்பா உன் வீட்ல எங்கேயாச்சும் இருக்கும், எரேமியா 29:11. நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்னு வரும். அது பாபிலோனுக்கு சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எழுதின லெட்டர், அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு சொல்லியாச்சு. அதாவது அந்த லெட்டர வாசிச்சதுல முக்கால்வாசிப் பேரு திரும்ப ஊரப் பாத்திருக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு என்ன வேலை குடுத்தாரு தெரியுமா, வீடு கட்டு, தோட்டம் போடு, கல்யாணம் பண்ணு, நீ இருக்குற அந்த ஊருக்காக ஜெபம் பண்ணு. பிடிக்காத இடத்துல மாட்டிக்கிட்டவங்களுக்கு ரொம்ப சாதாரண வேலைங்க.

உன் தோட்டத்துக்கு வருவோம். எந்த சப்ஜெக்ட்லயாச்சும் மார்க் இடிக்குதுன்னு தோணினா விடைத்தாள் காப்பி கேட்டு வாங்கிப் பாரு, அதுக்கப்புறம் மறுகூட்டல் போடலாம், தேதி ரொம்ப குறைவாத்தான் குடுப்பாங்க, அழுதுட்டே உக்காந்தா போயிரும். 418ங்கறது கிட்டத்தட்ட 70 சதவீதம், அரசு கலைக் கல்லூரிக்கெல்லாம் ஆன்லைன்ல அப்ளிகேஷன் போடு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போ. உன் ஃப்ரெண்டு பரிசு வாங்கும்போது கை தட்டு, வலிக்கத்தான் செய்யும், தட்டு. (சபை கமிட்டில இருக்குறவங்க யாராச்சும் இத வாசிச்சா: அரியர் எல்லாம் போட்டு கடைசியா 35 எடுத்து பாஸான பிள்ளைக்கும் ஒரு பேனா குடுங்கய்யா, குறைஞ்சா போயிருவீங்க?)

கேள்வி: அக்கா, நான் ஏழாம் மாசத்துலயே பொறந்தேன், பொழைக்கமாட்டேன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்களாம். அப்போ எங்க அம்மா, பிள்ளைய உயிரோட குடுத்தா ஊழியத்துக்கு குடுத்துர்றேன்னு பொருத்தனை பண்ணிட்டாங்க. இப்போ பைபிள் காலேஜ் அப்ளிகேஷன் வாங்கி வச்சிருக்காங்க. எனக்கு மெக்கானிக்கல் படிக்கணும், கட்ஆஃப் 171 வருது. வேண்டாம்னு சொன்னா கர்த்தர் அடிப்பாரு, உனக்கு ஏதாவது ஆயிரும்னு அழுறாங்க. எனக்கும் பயமா இருக்கு. – தம்பி, மார்த்தாண்டம்

தம்பி, இந்த லெட்டர் வருஷத்துக்கு மூணு நாலு வருது, ஊரு மட்டும் மாறும். உங்க அம்மாவ நான் குறை சொல்லமாட்டேன். இன்குபேட்டர்ல பிள்ளைய வச்சுட்டு வெளிய பெஞ்ச்ல உக்காந்திருக்குற தாய் என்ன வேணும்னாலும் சொல்லுவா. நீயும் அவங்ககிட்ட "உங்கள யாரு நேர்ந்துக்க சொன்னா"ன்னு மட்டும் கேட்டுராதே.

அம்மா மனசுல இருக்குறது பைபிள்ல வர்ற சாமுவேலோட அம்மா அன்னாள்தான். சரி, அந்தக் கதையையே ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து முழுசா வாசிங்க. அன்னாள் பொருத்தனை பண்ணா, பால் மறக்கப்பண்ணினதும் பிள்ளைய சீலோவுல இருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய் விட்டா, அவ பங்கு அதோட முடிஞ்சுது. 1 சாமுவேல் 3ல பாரு, ராத்திரி கர்த்தர் கூப்பிடுறாரு, பையன் சாமுவேல், ஆசாரியன் ஏலிதான் கூப்பிட்டாருன்னு நெனச்சு மூணு தடவ எழுந்து ஓடுறான். சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியலன்னு அங்க தெளிவா எழுதியிருக்கு. ஆலயத்துக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கே கர்த்தர் தனியா பேரு சொல்லித்தான் கூப்பிட்டாரு. அந்த ராத்திரி அன்னாள் அங்க இல்ல. அம்மாவோட பொருத்தனை வேற, உன்னோட அழைப்பு வேற.

இன்னொரு இடம் இருக்கு, பிரசங்கத்துல யாரும் தொடமாட்டாங்க. லேவியராகமம் 27. ஒரு ஆளையே கர்த்தருக்குன்னு பொருத்தனை பண்ணிட்டா, அதுக்குப் பதிலா இவ்வளவு வெள்ளின்னு வயசுவாரியா மதிப்பு போட்டிருக்கும். 20ல இருந்து 60 வயசு வரை ஆம்பிளைக்கு 50 சேக்கல் வெள்ளி (சேக்கல்னா அந்தக் காலத்து எடைக் கணக்கு), 5ல இருந்து 20 வயசுக்குள்ள இருந்தா 20 சேக்கல். உனக்கு 17ன்னா 20 சேக்கல்தான் தம்பி உன் ரேட்டு, கோவிச்சுக்காதே. அவ்வளவு குடுக்க முடியாத ஏழையா இருந்தா ஆசாரியன் அவங்க சக்திக்குத் தக்கபடி மதிப்பு போடணும்னு எட்டாவது வசனத்துல வருது. நாம இன்னைக்கு அந்தச் சட்டத்தின்படி வெள்ளி எடுத்து வைக்கணும்னு சொல்லல. உணர்ச்சிவசப்பட்டு ஆளையே நேர்ந்துக்கிறவங்க இருப்பாங்கன்னு கர்த்தருக்கு அப்பவே தெரியும், அவங்களுக்குன்னு ஒரு வழியும் வச்சிருந்தாரு. அப்படிப்பட்டவரு உன் பைக் டயரப் பஞ்சர் பண்ணி பழிவாங்க உக்காந்திருக்க மாட்டாரு. இத அம்மாவுக்கு நீ வாசிச்சுக் காட்டாம, உங்க போதகர வச்சு வாசிக்கச் சொல்லு, பிள்ளை சொன்னா சாக்குன்னுதான் நெனப்பாங்க.

வேலூர் சிஎம்சி ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கதை உங்க வீட்ல தெரிஞ்சிருக்கும். தாத்தா மிஷனரி டாக்டர், அப்பா மிஷனரி டாக்டர், குடும்பமே இங்கதான். அந்தப் பொண்ணு மட்டும் நான் மிஷனரி ஆகவே மாட்டேன்னு இருந்துச்சு. 1890ல உடம்பு சரியில்லாத அம்மாவப் பாத்துக்கத்தான் திண்டிவனம் வந்தது. ஒரே ராத்திரியில மூணு பேரு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து, என் பொண்டாட்டிக்கு பிரசவம் கஷ்டமா இருக்கு, வாங்கன்னு கூப்பிட்டாங்க, எனக்கு வைத்தியம் தெரியாது அப்பா வருவாருன்னு இது சொல்ல, ஆம்பிளை டாக்டர் வேண்டாம்னு மூணு பேருமே திரும்பிப் போயிட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பொண்ணுங்களும் செத்துப் போச்சு. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு 1900ல திரும்பி வந்தாங்க, 1918ல பொம்பளைங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. குடும்பம் எத்தனை வருஷம் எதிர்பார்த்தும் நடக்காதது அந்த ஒரு ராத்திரியில நடந்துச்சு, அதுவும் வந்தது வாசல்ல நின்ன மூணு ஆம்பிளைங்க வழியா.

அதனால கவுன்சிலிங்குக்கு போ, மெக்கானிக்கல் எடு. ஆனா ஒன்னு, "இப்போ இன்ஜினியரிங் படிக்கிறேன்மா, அப்புறம் கண்டிப்பா ஊழியத்துக்கு போயிடுறேன்"னு தப்பிக்கிறதுக்காக பொய் சத்தியம் பண்ணாதே, ஒரு பொருத்தனையில மாட்டினது போதும், ரெண்டாவது வேண்டாம். நாலு வருஷத்துல உனக்கே அழைப்பு வந்துச்சுன்னா அப்ப போ, பொதுவா டயோசிஸ்லயும் ஒரு டிகிரி முடிச்ச ஆளுங்களத்தான் பி.டி. (போதகர் ஆகுறதுக்கான இறையியல் படிப்பு) படிக்க அனுப்ப விரும்புறாங்க. வரலன்னா நல்ல மெக்கானிக்கா இரு. பயத்துல பைபிள் காலேஜ் போனவங்க சிலர எனக்குத் தெரியும், அவங்க சபைங்க பட்ட பாடும் தெரியும்.

கேள்வி: கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல சேரப்போறேன். ரூம்ல மத்த ரெண்டு பேரும் ஹிந்து. சாமி படம் வைப்பாங்க, பிரசாதம் குடுப்பாங்க, நான் எப்படி சாட்சியா இருக்குறது? – தங்கச்சி, தூத்துக்குடி

மொதல்ல, ரூம்ல மூணுல ரெண்டு பங்கு அவங்களோடது, அவங்க பக்கத்து சுவத்துல அவங்க படம் இருக்கத்தான் செய்யும்.

தானியேல் 1 வாசி. பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போன தானியேலோட பேரையே மாத்தி பெல்தெஷாத்சார்னு வச்சாங்க, அதுக்கு அவரு சண்ட போட்ட மாதிரி தெரியல. கல்தேயர் எழுத்தும் பாஷையும் படிக்கச் சொன்னாங்க, மூணு வருஷ கோர்ஸ், நல்லாவே படிச்சாரு. ராஜா சாப்பாடுங்கற ஒரே விஷயத்துலதான் முடியாதுன்னாரு, அதையும் வார்டன் மாதிரி இருந்த ஆளுகிட்ட போய் தயவா, பத்து நாள் பருப்பும் மரக்கறியும் குடுத்துப் பாருங்கன்னு கேட்டாரு. எல்லாத்துக்கும் மல்லுக்கு நிக்கல. (ஹாஸ்டல் சாம்பார் சாப்பிடும்போது இந்த வசனம் ரொம்ப ஆறுதலா இருக்கும்.)

பிரசாதம்னு சொல்லிக் குடுத்தா, "நான் சாப்பிடுறது இல்லடி, தப்பா எடுத்துக்காதே"ன்னு சிரிச்ச முகமா சொல்லு, அது போதும், லெக்சர் வேண்டாம். அதே பொண்ணுக்கு காய்ச்சல் வந்தா கஞ்சி வாங்கிட்டு வந்து குடு. சர்ச்ச மட்டும் மொத வாரத்துலயே கண்டுபிடிச்சுரு, ரெண்டு ஞாயிறு தூங்கிட்டேன்னா மூணாவது ஞாயிறு தானா தூக்கம் வரும். நானும் ஹாஸ்டல்ல ஒரு செமஸ்டர் அப்படித்தான் தூங்கினேன்.

கேள்வி: பி.காம்மா, பி.சி.ஏ.வான்னு தெரியல. ரெண்டு சீட்டு எழுதிப் போட்டு, ஜெபம் பண்ணி ஒன்ன எடுக்கலாமா? அப்போஸ்தலர்களே சீட்டு போட்டாங்களே. – தம்பி, பாளையங்கோட்டை

போட்டாங்க, அப்போஸ்தலர் 1ல, யூதாஸோட இடத்துக்கு மத்தியாவ எடுக்க. அடுத்த அத்தியாயத்துல பரிசுத்த ஆவி வந்தாச்சு, அதுக்கப்புறம் அவங்க சீட்டு போட்டதா எங்கேயும் இல்ல. ஜெபம் பண்ணிப் பேசி, விவாதம் பண்ணித்தான் முடிவு எடுத்தாங்க, 15ஆம் அத்தியாயம் பாரு. அதுவும் மத்தியா விஷயத்துல, கூடவே இருந்தவங்களா பாத்து தகுதியான ரெண்டு பேர மொதல்ல பொறுக்கி எடுத்துட்டுத்தான் சீட்டு போட்டாங்க. நீ அந்த வேலைய செஞ்சியா? ரெண்டு கோர்ஸுக்கும் ஃபீஸ் எவ்வளவு, அப்பாவால முடியுமா, உனக்கு கணக்குப்பதிவியல்ல எவ்வளவு மார்க், கம்ப்யூட்டர்ல கோட் எழுத உக்காந்தா அரை மணி நேரம் பொறுமை இருக்கா, உங்க தெருவுல பி.சி.ஏ. முடிச்ச அண்ணன் இப்போ என்ன வேலை பாக்குறான், இதெல்லாம் கேட்டியா? சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு சைக்கிள எடு. பாளையங்கோட்டையில காலேஜுக்கா பஞ்சம், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ரெண்டு ஆபீஸ்லயும் விசாரிச்சுட்டு வந்துரலாம்.