மிதக்கும் செஸ்னா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சாஸில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறேன். டிஎஸ்ஏ (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி வாங்கி, பள்ளி எதிலும் சேராமல் தனிப் பயிற்சியாளர் ஒருவரிடம் செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தை ஓட்டப் பழகுகிறேன். 18 மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் சோலோ (தனியே பறக்க) விடவில்லை. ஃபைனலில், அதாவது ரன்வேயை நோக்கி நேராக இறங்கும் கடைசிப் பகுதியில், 75 நாட் (மணிக்கு 75 கடல் மைல்) வேகத்தில் வருகிறேன். தரையை ஒட்டியதும் இறங்காமல் மிதந்துகொண்டே போகிறது. யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) இழுத்தால் எகிறுகிறது. லாக்புக்கில் (பறந்த மணிகளின் பதிவேடு) பல நாட்களுக்கு 'டேக்-ஆஃப், லேண்டிங்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். பள்ளிக்கு மாறிவிடு என்கிறார்கள் நண்பர்கள். மாறலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆளை மாற்றுவதற்கு முன் அந்த 75-ஐ மாற்றுங்கள்.

172எஸ் கையேடு முழு ஃப்ளாப்புடன் (இறக்கையின் பின்னால் கீழிறங்கும் மடிப்பு) இறங்க 60 முதல் 70 நாட் வரை சொல்கிறது. குறுகிய ரன்வேக்கு 61. அதுவும் 2,550 பவுண்டு முழு எடைக்கு. இரண்டு பேரும் அரை டேங்க் எரிபொருளும் என்றால் எடை அதற்கு வெகு கீழே, ஸ்டால் வேகமும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) அதற்கேற்பக் குறைவு. 65-ல் வரவேண்டியது 75-ல் வந்தால் கரைக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். போதாக்குறைக்கு, இறக்கையின் நீளமான 36 அடி உயரத்துக்குக் கீழே வந்ததும் விமானத்தைப் பின்னிழுக்கும் காற்றின் விசை குறைந்துவிடும். மிதக்காமல் என்ன செய்யும்? காற்று 12-க்கும் 22-க்கும் இடையே வீசியடிக்கும் நாளில் அந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 5 நாட், கூட்டிக்கொள்ளலாம். மற்ற நாளில் வேண்டாம்.

வேகம் கெடுவது பெரும்பாலும் டவுன்விண்டில், அதாவது ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதியில். ரன்வே எண்ணுக்கு நேராக வந்ததும் 1,500 ஆர்பிஎம், 10 பாகை ஃப்ளாப், 80 நாட்டுக்கு ட்ரிம் (கைவிசை இல்லாமலே வேகம் நிற்கும்படி சக்கரத்தால் சரிசெய்வது). ஃபைனலுக்குத் திரும்புமுன் வரும் குறுக்குப் பகுதியான பேஸில் 20 பாகை, 70 நாட். ஃபைனலில் முழு ஃப்ளாப், 65. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ட்ரிம் சக்கரத்தைத் தொட வேண்டும். சரியாக ட்ரிம் செய்த 172-ஐ இரண்டு விரலால் பிடித்து வரலாம். கை இறுகியிருந்தால் ட்ரிம் தவறு என்று அர்த்தம்.

எகிறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண். மூக்குக்கு முன்னால் இருக்கும் தரையைப் பார்த்தால் அது வேகமாக ஓடிவருவதுபோலத் தெரியும், கை பதறி இழுக்கும். ரன்வேயின் மறுகோடியைப் பாருங்கள். இருக்கையின் உயரத்தையும் தினமும் ஒரே அளவில் வையுங்கள், இல்லையென்றால் தொடுவானம் கண்ணாடியில் நாளுக்கொரு இடத்தில் நிற்கும். (சரிசெய்தபின் முன்னும் பின்னும் ஆட்டி, பூட்டு விழுந்ததா என்று பார்த்துவிடுங்கள். டேக்-ஆஃபில் இருக்கை பின்னால் வழுக்கினால் கையோடு யோக்கும் வரும்.)

எகிறிவிட்டால் மூக்கை அழுத்தாதீர்கள். முன்சக்கரம் முதலில் மோதும். 172-ல் அந்த அடி எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரான ஃபயர்வாலை வளைக்கும், பழுதுபார்க்கும் செலவு தலையைச் சுற்றவைக்கும். சின்ன எகிறல் என்றால் அப்படியே பிடித்து, துளி பவர் கொடுத்து இறங்க விடுங்கள். பெரிது என்றால் கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வருவது): முழு த்ராட்டில், ஃப்ளாப்பை 20-க்கு ஏற்றி 60 நாட்டில் மேலே, பிறகு 10, பாதுகாப்பான உயரமும் 65 நாட்டும் வந்தபின் பூஜ்யம். ஃப்ளாப்பை ஒரேயடியாகச் சுருட்டினால் விமானம் தொபுக்கென்று அமரும். சோலோவுக்கு விடுமுன் பயிற்சியாளர் பார்ப்பது அழகான லேண்டிங்கைவிட, சொல்லாமலே நீங்கள் கோ-அரவுண்ட் எடுக்கிறீர்களா என்பதைத்தான்.

18 மணி நேரத்தில் சோலோ வராதது குறையே அல்ல.

மாறுவதாக இருந்தால் ஒரு கணக்கு. உரிமத்துக்கு, உங்களுடையது போன்ற தனிப் பயிற்சி வரும் அமெரிக்க விதியான பார்ட் 61-ல் குறைந்தது 40 மணி, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கான பார்ட் 141-ல் 35. கேட்க 141 மலிவாகத் தெரியும். ஆனால் வெளியே பறந்த மணிகளில், பாடத்திட்டத்தின் கால் பங்குக்கு மேல் 141 பள்ளி கணக்கில் எடுக்க முடியாது. உங்கள் 18-ல் ஒன்பதுகூடத் தேறாது. இன்னொரு பார்ட் 61 பயிற்சியாளரிடம் போனால் 18-ம் நிற்கும். அவரும் டிஎஸ்ஏ தளத்தில் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும்.

எனக்கு உங்கள் பயிற்சியாளர்மேல் உள்ள ஒரே புகார் அந்த லாக்புக். பள்ளி அலுவலகம் பார்த்துக்கொள்வதைத் தனிப் பயிற்சியில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஸ்டால், ஸ்லோ ஃப்ளைட் (மிகக் குறைந்த வேகத்தில் பறப்பது), எஞ்சின் நின்றால் இறக்கும் பயிற்சி, எதை எப்போது செய்தீர்கள் என்று வரிவரியாக, அவர் கையெழுத்துடன் வேண்டும். நாளை அவர் ஊர் மாறினால் அடுத்தவருக்கு அந்த வரிகள்தான் ஆதாரம். எழுதிய பாடத்திட்டம் ஒன்றும் கேளுங்கள். பள்ளியில் ஸ்டேஜ் செக் (கட்டத்துக்குக் கட்டம் வைக்கும் தேர்வு) உண்டு, உங்களுக்கு இல்லை. அதனால் சோலோவுக்கு முன் வேறொரு பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம் பறந்து பாருங்கள். உங்கள் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டே செய்யலாம், நல்லவர் கோபிக்கமாட்டார்.

மாணவர் சான்றிதழும் மருத்துவச் சான்றும் கையில் இருக்கின்றனவா? இரண்டும் இல்லாமல் தனியே ஏற முடியாது. சோலோ எண்டோர்ஸ்மெண்ட் (தனியே பறக்கப் பயிற்சியாளர் எழுதித்தரும் ஒப்புதல்) 90 நாளுக்குத்தான் செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விமானம் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. கூலிக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளரே தருவது என்றால் ஆண்டுச் சோதனையோடு 100 மணி நேரச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளரின் காப்பீடு உங்களைக் காக்கும் என்று எண்ணவேண்டாம். வாடகைக்கு ஓட்டுபவருக்கென்று தனிப் பாலிசி இருக்கிறது, சோலோவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.