தட்டுப்பாட்டிலும் தடுப்பூசி வீணானது ஏன்?

2021-இல் இந்தியாவில் கொரோனா தடுப்பூசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. அப்போதும் சில டோஸ்கள் வீணாயின. திறந்த குப்பியில் யாருக்கும் போடாமல் மிஞ்சுவதும் இந்தக் கணக்கில் வரும். கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ். 2 முதல் 8 டிகிரி குளிரில் மாதக்கணக்கில் இருக்கும். திறந்தால் 4 மணி நேரம்தான் என்பது அப்போதைய விதி. அதற்கு மேல் வைத்தால் கிருமி புகலாம். பால் பாக்கெட் மாதிரிதான்: ஒரு காபிக்காகப் பிரித்தாலும் மீதியை உடனே காய்ச்சியாக வேண்டும். ஆறு பேரே வந்தால் நான்கு டோஸ் போச்சு.

கேரளம் இதில் கெட்டி. 2021 மே தொடக்கத்தில், வந்த 73.38 லட்சம் டோஸைக் கொண்டு 74.26 லட்சம் போட்டிருந்தது! சரி, மருந்தில் தண்ணீர் கலந்தார்களா? இல்லை. ஊசியில் கொஞ்சம் ஒட்டி வீணாகும் என்று தயாரிப்பாளரே குப்பியில் கூடுதலாக நிரப்பும் கொசுறுதான் அது.