ஓடும்போது மயங்கி விழும் குழந்தை: முதலில் இதயத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பள்ளியில் காலை வழிபாட்டின்போது ஒருமுறை மயங்கி விழுந்தாள். போன மாதம் ஓட்டப் பயிற்சியின் நடுவே மறுபடியும் விழுந்தாள். அப்போது கை கால் வெட்டி இழுத்ததாக ஆசிரியர் சொன்னார். ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு), மூளை ஸ்கேன் இரண்டிலும் ஒன்றுமில்லை. ஒரு மருத்துவர் வலிப்பு மாத்திரை தொடங்கலாம் என்கிறார். இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: வழிபாட்டில் விழுந்ததைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்ததுதான் எனக்குக் கவலை தருகிறது. காலையில் சாப்பிடாமல் வந்து வெயிலில் அசையாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு, ரத்தம் கால்களில் தேங்கி, ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருண்டு மயக்கம் வருவது சகஜம். அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடீர்ச் சத்தத்தில் திடுக்கிட்டோ, முன்னறிகுறி எதுவும் இல்லாமல் ஒரு குழந்தை சாய்ந்தால், இதயத் துடிப்பின் தாளம் கெட்டிருக்கக்கூடும் என்று எண்ணியே தொடங்க வேண்டும். மூளைக்குச் சில நொடிகள் ரத்தம் போகாவிட்டாலும் கை கால் வெட்டும் என்பதால், இத்தகைய இதயக் கோளாறுகள் வலிப்பு என்று கருதப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுக்கப்படுவதும் உண்டு.

ஆகவே இந்த வாரமே ஈசிஜி (இதயத்தின் மின் பதிவு) எடுத்து, அதில் கியூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுருங்கி அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரத்தை, அளந்து பார்க்கும்படி கேளுங்கள். செலவு குறைந்த, சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனை இது. ஓய்வில் எடுக்கும் ஈசிஜியில் தெரியாமல், உடற்பயிற்சியில் மட்டும் வெளிப்படும் கோளாறுகளும் இருப்பதால், அது இயல்பாக இருந்தாலும் குழந்தைகள் இதய நோய் நிபுணரைப் பாருங்கள். அவர் டிரெட்மில் பரிசோதனை சொல்லக்கூடும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலும், நீரில் மூழ்கி இறந்த நல்ல நீச்சல்காரர் இருந்தாலும், பிறவியிலேயே காது கேளாதவர் இருந்தாலும், சொந்தத்தில் திருமணம் நடந்திருந்தாலும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை ஓட்டம், விளையாட்டு, நீச்சல் வேண்டாம். வகுப்புக்குத் தாராளமாகப் போகட்டும்.

ஈஈஜி இயல்பாக இருப்பதால் வலிப்பு இல்லை என்றாகிவிடாது. வலிப்பு உள்ளவர்களிலும் பலருக்கு முதல் பதிவில் எதுவும் தெரியாது. ஸ்கேனைவிட, நேரில் பார்த்தவர் சொல்லும் விவரமே நோயைக் காட்டிக்கொடுக்கும். அந்த ஆசிரியரிடம் நீங்களே பேசுங்கள். விழும் முன் முகம் வெளிறியதா, முதலில் துவண்டாளா விறைத்தாளா, வெட்டியது சில நொடிகளா ஒரு நிமிடத்துக்கு மேலா, நாக்கின் ஓரம் கடிபட்டதா, எழுந்ததும் உங்கள் மகள் ஆளை அடையாளம் கண்டு பேசினாளா அல்லது அரை மணி நேரம் குழம்பித் தூங்கினாளா என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நொடிகளில் தெளிந்தால் மயக்கத்தின் பக்கமும், நெடுநேரம் குழம்பினால் வலிப்பின் பக்கமும் சந்தேகம் சாயும். மாத்திரை பற்றிய முடிவை, இதயப் பரிசோதனை முடிந்த பிறகு எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

மறுபடியும் வந்தால், கையில் சாவி கொடுப்பதும், வாயில் கரண்டி வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம். மூச்சு சீராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், முகமும் கை கால்களும் தெரியும்படி கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். துவண்டு கிடந்து மூச்சும் இல்லையென்றால் காத்திருக்கவே கூடாது. 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே வேகமாக அழுத்தத் தொடங்க வேண்டும். இதை உடற்கல்வி ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.