பதில்: பையன் கேக்குற 3டி பிரிண்டர்

பையன் 3டி பிரிண்டர் (கம்ப்யூட்டர்ல இருக்குற டிசைன பிளாஸ்டிக்ல அடுக்கடுக்கா நிஜப் பொருளா செஞ்சு தர்ற மெஷின்) கேக்குறான், துப்பாக்கி கிப்பாக்கி செஞ்சுருவானோன்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க சார். பயம் சும்மா இல்ல, 2013ல லிபரேட்டர்னு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி ஃபைல நெட்ல விட்டாங்க, அமெரிக்க அரசு எடுக்கச் சொல்றதுக்குள்ள லட்சம் தடவைக்கு மேல டவுன்லோட் ஆயிடுச்சு, அடுத்த வருஷமே ஜப்பான்ல ஒருத்தர் பிரிண்ட் துப்பாக்கி செஞ்சு ஜெயிலுக்குப் போனாரு. அந்த லிபரேட்டர் சுடுறவன் கையையே பதம் பாக்குற சாமான், ஆனா இப்ப டிசைன் எவ்வளவோ தேறிடுச்சு, சீரியல் நம்பரும் கிடையாது, போலீசுக்கு அதான் பெரிய தலைவலி. 2022ல ஜப்பான் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேவ சுட்டதும் வீட்ல செஞ்சதுதான், ஆனா பிரிண்டர்ல இல்ல, பைப்ல! கெட்ட புத்தி இருந்தா எதுலயும் செய்வான். மெஷின வாங்கிக் குடுங்க, ஹால்லயே வைங்க, என்ன ஓடுதுன்னு அப்பப்போ எட்டிப் பாருங்க.