ஒரே வீடியோவை எல்லா ஆப்பிலும் போட்டால் போதுமா?

"போச்சம்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மாங்கன்று நர்சரி இருக்கிறது. போனில் சின்ன வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். அதையே யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸாப்பிலும் போட்டால் போதுமா? இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனியாக எடுக்க வேண்டாம். ஒரு தடவை எடுத்தால் போதும், ஆனால் வெட்டுவது மட்டும் இடத்துக்கு இடம் மாற வேண்டும். எடிட் செய்து முடித்த ஒரே ஃபைலை நாலு இடத்திலும் ஏற்றினால் நாலிலும் சுமாராகத்தான் ஓடும். ஏனென்றால் இன்ஸ்டாவில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் பையன் வேறு, யூடியூபில் 'மாங்கன்று எந்த ரகம் நடலாம்' என்று தேடுகிற விவசாயி வேறு, ஏற்கெனவே உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருக்கும் வாடிக்கையாளர் வேறு.

நான் கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததால் எனக்கு வேலை குறைவு. உங்களுக்கோ அதுதான் சீசன், நாலு மழை விழுந்ததும் கன்று கேட்டு ஆள் வர ஆரம்பித்துவிடும். அந்தச் சமயத்தில் நர்சரி, நிப்பட்டுக் கடை, நாட்டுச் சர்க்கரை வியாபாரம் என்று சின்னத் தொழில் செய்பவர்களுக்கு வீடியோ செய்து கொடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில், எடுப்பது போனின் சொந்தக் கேமராவில் இருக்கட்டும், ஆப்புக்குள் இருக்கும் கேமராவில் வேண்டாம். நிறையப் பேர் இன்ஸ்டாவிலேயே எடுத்து, அங்கேயே எழுத்தும் பாட்டும் போட்டு, அதை டவுன்லோட் செய்து யூடியூபுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படி இறக்கும்போது ஆப்பைப் பொறுத்து ஓரத்தில் லோகோ ஒட்டிக்கொண்டு வரும், சில நேரம் பாட்டு காணாமல் போகும். வேறு ஆப்பின் லோகோ தெரிகிற வீடியோவைப் புது ஆட்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்று இன்ஸ்டாகிராம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வாட்ஸாப்பில் வந்த வீடியோவை எடுத்து எடிட் செய்வதும் வேண்டாம். அது சுருங்கி வந்திருக்கும், பெரிதாக்கினால் இலையெல்லாம் பச்சைக் குழம்பாகத் தெரியும்.

ஒரு பயம் பலருக்கு இருக்கிறது: ஒரே வீடியோவை இரண்டு இடத்தில் போட்டால் 'காப்பி' என்று அடக்கிவிடுவார்களா? 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் பரிந்துரையில் கொண்டுவந்த மாற்றம் அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போடுகிறவர்களைக் குறி வைத்தது. உங்கள் வீடியோ உங்கள் யூடியூபிலும் இருப்பதில் தப்பே இல்லை.

போன் கேமராவில் எடுத்த மூல ஃபைலைப் பத்திரமாக வையுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அதில் பெயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். கையில் காப்பி இல்லாதவர்களுக்கு வீடியோவும் போனது, பார்த்த கூட்டமும் போனது. இன்ஸ்டாவின் ரீல்ஸ் அடுத்த மாதமே வந்தது, யூடியூபின் ஷார்ட்ஸ் செப்டம்பரில் வந்தது. மூல ஃபைல் வைத்திருந்தவர்கள் மறுபடி ஏற்றினார்கள். ஆப் எதுவாக இருந்தாலும் வாடகைக் கடைதான், சரக்கை வீட்டில் வையுங்கள்.

இனி உங்கள் நர்சரிக்கே வருவோம். உங்களிடம் இருப்பதிலேயே பார்க்கச் சுகமான விஷயம் ஒட்டுக் கட்டுவது. நாட்டு மாங்கொட்டை முளைத்த செடியின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய குச்சியைச் செருகி, நாடாவால் இறுக்கிச் சுற்றுகிற அந்தக் கை வேகம் இருக்கிறதே, உங்கள் வீட்டு ஆட்களுக்கு அது தினசரி வேலை. ஓசூரிலும் பெங்களூரிலும் ஃபிளாட்டில் இருப்பவனுக்கு அது வித்தை.

இதை ஒரே காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், இப்படி எடுங்கள். போனை நிமிர்த்திப் பிடியுங்கள் (9:16 என்கிற நெட்டை வடிவம்தான் எல்லா இடத்துக்கும் பொருந்தும்). கைக்கு மிக அருகில் ஒரு தடவை முழு வேலையையும் வெட்டாமல் எடுங்கள். அப்புறம் அதே வேலையைச் செய்யும் ஆளின் முகம் தெரிகிற மாதிரி ஒரு தடவை. துளிர் விட்ட கன்று, சில மாதக் கன்று, விற்பனைக்குத் தயாரான கன்று, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை. கடைசியாக உங்கள் அப்பாவோ அண்ணனோ யார் நன்றாகப் பேசுவார்களோ அவர்களை உட்காரவைத்து, வாங்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். இவ்வளவுதான் மூலச் சரக்கு.

இதிலிருந்து இன்ஸ்டாவுக்கு இருபது, இருபத்தைந்து விநாடி போதும். கத்தி தண்டைப் பிளக்கிற இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். "வணக்கம் நண்பர்களே, நம்ம நர்சரிக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்று கைகூப்பி ஆரம்பிப்பது நம் ஊர் மரியாதைதான், ஆனால் பார்க்கிற ஆள் இரண்டாவது விநாடியிலேயே அடுத்ததற்குப் போயிருப்பான். பேச்சே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். நாடா இழுக்கும் சத்தம், கத்திச் சத்தம் அப்படியே இருக்கட்டும்.

யூடியூபுக்கு அதே காட்சிகள்தான், ஆனால் மேலே பேச்சு ஓட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூன்று நிமிஷம் வரை போகலாம். நீங்கள் ஒன்றரை நிமிஷத்தில் நிறுத்துங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரே கேள்வி. "பத்தடிக்குப் பத்தடி நடலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு, பத்து மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 40 கன்று, அடர் நடவில் ஐந்து மீட்டர் விட்டால் சுமார் 160 கன்று, அதற்குக் கவாத்து (கிளை வெட்டுகிற) வேலை கூட வரும் என்று உங்கள் அப்பா சொன்னாலே ஒரு வீடியோ. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், அதற்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்பது இன்னொன்று. எந்த ரகம், பெங்களூராவா செந்தூராவா இமாம்பசந்தா என்பது மூன்றாவது. மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்குப் போகிற காய் எது, வீட்டில் தின்ன எது என்று பிரித்துச் சொன்னால் போதும். தலைப்பு மட்டும் ஜனங்கள் தேடுகிற வார்த்தையில் இருக்கட்டும். 'செம மாஸ் வீடியோ' என்று யாரும் தேடுவதில்லை. இப்படிப்பட்ட வீடியோ அடுத்த ஆடிக்கும் தேடலில் வந்து நிற்கும். இன்ஸ்டாவில் போட்டதற்குப் பெரும்பாலும் அந்த ஆயுள் கிடையாது.

வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கு வித்தையும் வேண்டாம், பாடமும் வேண்டாம். இன்று என்ன ரகம் இருக்கிறது, எவ்வளவு உயரம், என்ன விலை. கன்று வரிசையைக் காட்டிக்கொண்டே பேசினால் பதினைந்து விநாடி. 24 மணி நேரத்தில் அழிந்துவிடும் என்பதால் விலை மாறினாலும் கவலையில்லை. ஸ்டேட்டஸ் தெரிய வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் நம்பர் சேமித்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கன்று வாங்கி வண்டியில் ஏற்றும்போதே "நம்பரைப் போட்டு வெச்சுக்கோங்க அண்ணா, புது ரகம் வந்தா ஸ்டேட்டஸ்ல போடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த வரை நம் ஊரில் வியாபாரம் முடிகிற இடம் இதுதான். மற்ற மூன்றும் ஆளை இங்கே கொண்டுவந்து விடுவதற்குத்தான்.

ஃபேஸ்புக்குக்கு என்று தனியாக எதுவும் வெட்டாதீர்கள். யூடியூப் வடிவத்தையே போடுங்கள். நடுத்தர வயதுக்காரர்கள் அங்கே பொறுமையாகப் பார்க்கிறார்கள், விவசாயக் குழுக்களும் இருக்கின்றன. மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவச ஆப்பில் இன்ஸ்டா, ஃபேஸ்புக் இரண்டுக்கும் நேரம் குறித்து வைத்துவிடலாம். மாதக் கட்டணம் கட்டி எல்லா ஆப்பிலும் ஒரே அமுக்கில் போடுகிற சாஃப்ட்வேர் இப்போது உங்களுக்குத் தேவையே இல்லை; நான் சொன்ன மாதிரி வெட்டு மாறினால் அந்த ஒரே அமுக்குக்கு அர்த்தமும் இல்லை.

எழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிருஷ்ணகிரி கடைக்காரர்கள் பலரும் போன் நம்பரைத் திரையின் அடியில் பெரிதாகப் போடச் சொல்வார்கள். ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் கீழே சுமார் கால் பங்கு இடத்தில் கணக்கின் பெயரும் விவரமும் வந்து உட்கார்ந்துவிடும், வலது ஓரத்தில் பட்டன்கள் நிற்கும். நம்பர் அதற்குள் புதைந்துவிடும். திரையின் நடுவில், கொஞ்சம் மேலே தள்ளிப் போடுங்கள். எழுத்தில்லாத ஒரு காப்பியையும் சேமித்துக்கொள்ளுங்கள், விலையோ நம்பரோ மாறினால் மறுபடி வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நம்பரை வாயாலும் சொல்லுங்கள். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் விவரத்திலும் கமெண்டிலும் போடுகிற லிங்க்கை அமுக்க முடியாது. இன்ஸ்டா கேப்ஷனிலும் அதே கதைதான். லிங்க் வேலை செய்கிற இடம் உங்கள் ப்ரொஃபைல்தான்.

பாட்டு. சினிமாப் பாட்டு போட்டால்தான் ஓடும் என்பார்கள். பிசினஸ் கணக்கு வைத்திருந்தால் இன்ஸ்டாவில் பெரும்பாலான சினிமாப் பாட்டு உங்களுக்குக் காட்டாது, வியாபாரத்துக்கு அந்த உரிமை கிடையாது என்பதுதான் காரணம். யூடியூபில் ஒரு நிமிஷத்துக்கு மேலே போகிற ஷார்ட்ஸில் உரிமை கோரப்பட்ட பாட்டு இருந்தால் வீடியோவே முடங்கிவிடலாம். ஒரே வெட்டை எல்லா இடத்திலும் போட்டு மாட்டிக்கொள்கிற இடம் பெரும்பாலும் இதுதான். ஆகவே பாட்டில்லாமல் எடிட் செய்யுங்கள். வேண்டுமென்றால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைப்பதை மெல்லியதாகப் போடுங்கள்.

இன்னொன்று, யூடியூப் பாடம் சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, நம் எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள வசதி. பேச்சைத் தனித் தடமாக வைத்துக்கொள்ளுங்கள், படத்தோடு ஒட்டிவிடாதீர்கள். கர்நாடகத்தில் கோலார், ஸ்ரீனிவாசபுரம் பக்கம் மாந்தோப்பு நிறைய, ஆந்திராவில் குப்பம், சித்தூர் பக்கமும் அப்படியே. அங்கிருந்து வந்து கன்று வாங்குகிறவர்கள் தமிழ் புரிந்துகொள்வார்கள்தான், ஆனால் தங்கள் மொழியில் கேட்டால் நின்று பார்ப்பார்கள். உங்கள் தெருவிலேயே தெலுங்கு பேசுகிற வீடு இருக்கும், ஓசூரில் கன்னடம் பேசுகிற சொந்தமோ நண்பரோ இருப்பார்கள். கை வேலை காட்டுகிற படம் அப்படியே இருக்க, குரலை மட்டும் மாற்றினால் ஒரு வீடியோ மூன்றாகிவிடுகிறது. மெஷின் குரல் போடாதீர்கள். மாங்கன்று விற்கிற இடத்தில் அந்தக் குரல் காதுக்கு உறுத்தும்.

எந்த இடம் நமக்குப் பலன் தருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வியூஸை வைத்து ஒப்பிடாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ என்று கணக்கு வைக்கிறார்கள், மறுபடி ஓடினாலும் சேரும். அதில் பத்தாயிரம் என்பதும் ஸ்டேட்டஸில் நூற்றைம்பது பேர் என்பதும் ஒரே தராசில் நிற்காது. வாட்ஸாப்புக்கு நேராகக் கொண்டுபோகிற லிங்க்கில் முன்கூட்டியே ஒரு செய்தியை எழுதி வைக்க முடியும். இன்ஸ்டா ப்ரொஃபைலில் வைக்கிற லிங்க்கில் "இன்ஸ்டாவில் பார்த்தேன், கன்று விலை சொல்லுங்கள்" என்றும், யூடியூப் சேனல் பக்கத்தில் வைப்பதில் "யூடியூபில் பார்த்தேன்" என்றும் எழுதிவிடுங்கள். வருகிற செய்தியே எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும். நேராகப் போன் செய்கிறவர்களிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு பில் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு எழுத்து குறித்தால் போதும். ஒரு சீசன் முடிந்ததும் பாருங்கள். எதிலிருந்து ஆளே வரவில்லையோ அதை விட்டுவிடுங்கள். நாலு இடத்திலும் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எடிட்டுக்கு வாரம் ஒரு சாயந்திரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். சீசனில் உங்களுக்கு அதற்கு மேல் நேரமும் இருக்காது. போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. விலை சொல்லும் ஸ்டேட்டஸை சனிக்கிழமை சாயந்திரம் போடுங்கள், சந்தைக்கு வருகிறவர்கள் அப்படியே உங்கள் பக்கம் திரும்பிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு போனை எடுத்துப் பேச ஒரு ஆளைத் தனியாக உட்கார வையுங்கள்.